சாவியை மறந்த வண்டி

...வயராகத்தான் இருக்க வேண்டும், வயராக இருந்தால் பிழைத்தோம், வயர் என்றால் வெட்டலாம், சீவலாம், முறுக்கிப் பற்றவைக்கலாம், உள்ளே இருக்கிற சிப் போயிருந்தால்தான்... இல்லை, அதை இப்போது நினைக்கவே கூடாது, வயர்தான், என்று தனக்குத் தானே அடித்துச் சொல்லிக்கொண்டு இளவேனில் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துப் படுத்திருந்தாள், கதவு விளிம்பு முதுகில் உறுத்தியது, கால் இரண்டும் அடையவளஞ்சான் வீதியில் கிடந்தன, போகிற வருகிற சைக்கிள்காரனெல்லாம் காருக்குள்ளிருந்து முளைத்த பொம்பளைக் காலைப் பார்த்து மணியடித்துவிட்டுப் போனான், அடித்துக்கொள்ளட்டும். வண்டியின் மூளையையும் லேப்டாப்பையும் பேசவைக்கிற கேபிள் அது, ஒரு முனையில் பதினாறு பின் வைத்த தடித்த பிளக், அதை இந்த ஸ்டியரிங்குக்குக் கீழே செருக வேண்டும், மறுமுனை லேப்டாப்பில், நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பு வயர், அவ்வளவுதான், பார்த்தால் மிக்ஸி வயரைவிடக் கேவலமாக இருக்கும். பிளக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது, அப்படியென்றால் வண்டியிலிருந்து கரண்ட் வருகிறது, பச்சை எரியவில்லை, அப்படியென்றால் பேச்சு நின்றுவிட்டது... நின்றதே, நின்ற நேரமாவது ஒரு நேரமா? காலையில் நின்றிருக்கக் கூடாதா, தென்னூர் ஷெட்டில் அந்த டாக்சிக்காரன் வண்டியைப் பார்க்கும்போது நின்றிருக்கக் கூடாதா, அவனானால் நாலு கெட்ட வார்த்தை பேசிவிட்டு வேறு ஷெட்டுக்குப் போயிருப்பான், மறந்தும் போயிருப்பான். இங்கே வந்து, இந்த மனிதர் வீட்டு வாசலில் வந்து, இந்த வேலையின் சரியான நடுப்பாதியில் வந்தா நிற்க வேண்டும்.

வந்த வேலை என்னமோ சின்ன வேலைதான். வேணுகோபால் சார் போனில் சொன்னபோதே அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இருந்த இரண்டு சாவியில் ஒன்றை அவர் மனைவி கமலவல்லி அம்மாள் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார், அரிசிப் பானை, புடவை மடிப்பு, பெருமாள் அலமாரி எல்லாம் பார்த்தாயிற்று, கேட்டால் எந்தச் சாவி என்கிறார், எந்த வண்டி என்கிறார், சில நாள் நீங்க யாரு மாமா என்றுகூடக் கேட்டுவிடுகிறார், அதனால மிச்சமிருக்கிற ஒண்ணும் போறதுக்குள்ள இன்னொண்ணு பண்ணி வச்சுண்டா தேவலை, என்று அவர் அதையும் ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார், ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இருக்காது. புதுச் சாவியைப் பதிவு செய்வதற்கு இந்த ஜெர்மன்காரன் வண்டியில் ஒரு முறை வைத்திருக்கிறான், முதலில் பழைய சாவி அத்தனையையும் வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிட வேண்டும், பிறகு கையில் இருக்கிற சாவிகளை ஒவ்வொன்றாக நுழைத்து, இது நம்முடையது, இதுவும் நம்முடையது என்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும், தொலைந்த சாவி எவன் கையிலாவது கிடைத்தாலும் வண்டி அவனோடு போகாது, நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது. அழித்தாயிற்று. திரையில் 'பூஜ்ஜியம் சாவிகள்' என்றும் வந்தாயிற்று. முதல் சாவியை நுழைத்து அடுத்த பட்டனை அமுக்கப் போகும் நேரத்தில்தான் பச்சை விளக்கு போனது. இப்போது வண்டிக்கு எந்தச் சாவியையும் தெரியாது, காலை வரை அதை ஓட்டிக்கொண்டிருந்த சாவியையும் தெரியாது, திருகினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைகிறது, யார் நீ என்று கேட்கிற மாதிரி... சீ, இந்த வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு என்ன நினைப்பு இது இளவேனில், வாயை மூடு, மனசையும் மூடு, மல்டிமீட்டரை எடு.

மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியைப் பதினாறாவது பின்னிலும் கறுப்பை நாலாவதிலும் வைத்தாள், பன்னிரண்டரை வோல்ட், பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டியில் குறை இல்லை. கேபிளைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வயர் வயராகச் சோதித்தாள், பீப், பீப், மூன்றாவதும் பீப்... எல்லா வயரும் உயிரோடு இருக்கிறது என்று அது கத்தியபோது அவளுக்கு அழுகை வந்தது, ஒன்றாவது அறுந்திருக்கக் கூடாதா, ஒன்றே ஒன்று. யு.எஸ்.பி. முனையின் கழுத்தில் வளைத்து வளைத்துப் பார்த்தாள், அங்கேதான் வழக்கமாக அறும், மெக்கானிக் பயல்கள் கேபிளைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவதால் வருகிற வியாதி, அவள் வேலை பார்க்கிற கலீம் பாய் ஷெட்டில் இதுவரை எத்தனையோ கேபிள் அங்கே அறுந்து அவளே வெட்டி ஒட்டியிருக்கிறாள், இதில் அறவில்லை. இதே வேலையைக் கம்பெனி ஷோரூமில் செய்திருந்தால் அசல் கருவி இருந்திருக்கும், நின்றாலும் போன் போட்டால் வந்து பார்ப்பான், ஆனால் அங்கே அவளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள், துவாக்குடியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவளை வாட்டர்வாஷ் பில் போட உட்கார வைத்தார்கள், கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசும்மா என்றார்கள். கலீம் பாய்தான் ஷெட்டில் ஒரு மூலையும் இந்தக் கேபிளும் கொடுத்தார். அசல் அல்ல, நகல், டில்லியிலிருந்து ஒரு பார்சலில் வந்த திருட்டுக் கேபிள், அச்சு அசல் மாதிரி வேலை செய்யும், ஊரில் பாதி ஷெட் இதில்தான் ஓடுகிறது, யாரும் வெளியில் சொல்வதில்லை.

அடுத்து மணி பார்த்தாள், பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும், எதிர்வீட்டு மாடியில் வெயில் ஏறிவிட்டது. வெயில் அந்த மாடியை விட்டுப் போனதும் கமலவல்லி அம்மாளுக்குத் தவிப்பு ஆரம்பித்துவிடும், அவள் வந்தவுடனேயே வேணுகோபால் சார் அதைத்தான் சொன்னார், அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடும்மா, அதுக்கு மேல வண்டி எனக்கு வேணும், இல்லேன்னா ராத்திரி பூரா கஷ்டம். விளக்கு வைக்கிற நேரமானால் அந்த அம்மாளுக்கு இது தன் வீடில்லை என்று தோன்றிவிடுகிறது, நாற்பது வருஷமாகக் கோலம் போடுகிற வீடு, ஆத்துக்குப் போகணும், ஆத்துக்குப் போகணும், அம்மா தேடுவா என்று பையில் ஒரு புடவையை மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார், இதுதான் உன் வீடு என்று சொன்னால் அடிக்கிறார், கதவைப் பூட்டினால் தலையைக் கதவில் முட்டிக்கொள்கிறார். ஒரு நாள் வேறு வழி தெரியாமல் வேணுகோபால் சார், சரி வா போகலாம் என்று இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு, ராஜகோபுரம் தாண்டி, மாம்பழச் சாலை வழியாகக் காவிரிப் பாலத்தில் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பி, இதே வாசலில் நிறுத்தி, ஆம் வந்துடுத்து கமலா, வீடு வந்துடுத்து என்றிருக்கிறார், அந்த அம்மாள் வந்துட்டோமா என்று இறங்கி உள்ளே போய், காலைக் கழுவிக்கொண்டு, சாப்பிட்டு, தூங்கிவிட்டார். அன்றிலிருந்து தினமும் அதே. ஆட்டோவில் முயன்றிருக்கிறார், ஐயோ என்னை யாரோ கடத்திண்டு போறா என்று கீழச்சித்திரை வீதி கூடுகிற அளவுக்கு அலறியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலும் அதே கதை, இந்த வண்டி, இந்த முன் சீட், அதில் அந்த அம்மாளே எந்தக் காலத்திலோ தைத்துப் போட்ட இந்தப் பூப்போட்ட மெத்தை, இது இருந்தால்தான் ஏறுவார். அந்த வண்டியைத்தான் இளவேனில் இப்போது இரும்பாக்கி வைத்திருக்கிறாள். நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டியை.

அவள் கலீம் பாய்க்குப் போன் போட்டாள், பாய் கேபிள் போச்சு என்றாள், போனா போவுதும்மா என்றார், இல்ல பாய் நடுவுல போச்சு என்றதும் அவர் குரல் மாறியது.

"நடுவுலன்னா? அழிச்சதுக்கு அப்புறமா?"

"ஆமா பாய்."

"யா அல்லாஹ்... இன்னொரு கேபிள பெஞ்சமின்கிட்ட குடுத்து கரூருக்கு அனுப்பிட்டேனேம்மா, காலையிலதான் வருவான். லேப்டாப்ப நெட்டுல எதுவும் போடலையே?"

"நான் எதுக்கு பாய் போடப்போறேன்."

"அப்ப வயர்தான், உள்ள பிரிச்சுப் பாரு," என்றார் அவர், அதைக் கேட்டதும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பாய்க்கு இந்த நகல் கேபிள் விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்தான், இந்த லேப்டாப்புக்கு நெட்டு விஷம், தொடவே கூடாது, தொட்டால் அசல் கம்பெனிக்காரன் எங்கிருந்தோ புது சாஃப்ட்வேரை இறக்கிவிட்டு, இது நம் சிப் இல்லை என்று கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற அடையாளத்தைத் துடைத்துவிடுவான், அப்புறம் கேபிள் வெறும் கயிறு, கொடியில் துணி காயப்போடலாம். அதனால்தான் இந்த லேப்டாப்பில் அவள் ஒரு படம் பார்த்ததில்லை, ஒரு மெயில் திறந்ததில்லை, பிரவீன்ராஜ் ஒரு தடவை கிரிக்கெட் பார்க்கத் தாடி என்று கேட்டதற்குப் புருஷன் என்றும் பாராமல் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். நெட் இல்லை, ஆகவே சிப் இல்லை, ஆகவே வயர், அல்லது சால்டரிங், சரி, பிரி.

பிளக்கைத் திருப்பிப் போட்டு நாலு சின்னத் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள், பச்சைப் பலகையில் வெள்ளி மணிமணியாகப் பற்றவைத்த இடங்கள், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள், இதோ, இதோ இருக்கிறது, ஆறாவது பின்னின் அடியில் ஒரு மணி மட்டும் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்து, சுற்றிலும் முடி கனத்துக்கு ஒரு விரிசல், அடி என் செல்லமே, நீதானா, இத்தனை நேரம் என் உயிரை வாங்கினது நீதானா! பேட்டரியில் ஓடுகிற குட்டி சால்டரிங் இரும்பைப் பையிலிருந்து எடுத்துச் சூடேற்றினாள், கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள், ஈயம் உருகி ஓடி விரிசலை மூடியது, வாயால் ஊதி, இன்னொரு தடவை ஊதி, மூடியைப் போடாமலே அப்படியே கொண்டுபோய் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினாள். சிவப்பு எரிந்தது. லேப்டாப்பில் செருகினாள். பச்சை... எரிந்தது, கண்ணால் பார்த்தாள், ஒரு இமைப்பு எரிந்தது, பெருமாளே என்றாள், அவள் கும்பிடாத பெருமாளை, அணைந்தது. திரையில், இந்தச் சாதனம் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு வரி. பிடுங்கிச் செருகினாள், அதே வரி. விரிசல் உண்மைதான், ஆனால் நோய் அது இல்லை, எந்தக் கேபிளைப் பிரித்தாலும் ஒரு சாம்பல் மணி இருக்கத்தான் செய்யும், தேடுகிறவளுக்கு ஏதாவது கிடைத்துத்தானே தீரும்... அப்படியானால் வேறென்ன, நெட் இல்லை என்கிறபோது சிப் எப்படிப் போகும், தானாகச் சாகுமா, சூடா, வெயிலா, ஏன்டி உனக்கே இப்படி வருகிறது, போன வாரம் நன்றாகத்தானே இருந்தது, இன்று மதியம் வரை நன்றாகத்தானே இருந்தது.

வேணுகோபால் சார் டம்ளரில் காபியோடு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் காலையில் இட்ட திருமண் பாதி அழிந்திருந்தது, என்னம்மா ஆச்சு என்று கேட்காமல் முதலில் காபியைக் குடி என்றார். கொஞ்சம் டைம் ஆகும் சார் என்றாள். அவர் வானத்தைப் பார்த்தார், வாசல் கதவைப் பார்த்தார், பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி முன் சீட்டில் இருந்த லேப்டாப்பைக் காட்டினார்.

"நன்னா சத்தம் வரதும்மா இதுல. மத்தியானம் நீ உள்ள மாட்டிண்டியே, கமலா ஒன்னை அவ தங்கை பத்மான்னு நெனச்சுண்டு கையப் பிடிச்சுண்டு விடவே மாட்டேன்னாளே, அப்போ இதுலதான் பாசுரம் போட்டேன். சத்தமா வச்சா அவ எழுந்து வந்துடுவா. பாவம், நீ எத்தனை நேரம்தான் தளிகை உள்ளேயே நிப்பே."

"இதுலயா சார்?"

"நம்மாத்து வைஃபை போட்டேன். பாஸ்வேர்டெல்லாம் நானே போட்டுட்டேன், பிள்ளை ஊர்லேர்ந்து போன்ல சொல்லிக்குடுத்தான், இப்போ எந்த மெஷின்னாலும் போடத் தெரியும். கேட்காம எடுத்துட்டேன். தப்பில்லையே?"

காபி சுட்டது, அவள் அதை அப்படியே விழுங்கினாள். சமையலறையில் அந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பத்மா பால் பொங்கறதாடி பாரு என்று அணைந்த அடுப்பைக் காட்டியபோது வாசல் பக்கம் பாசுரம் கேட்டதே, கேட்டது, அந்தப் பிடி தளர்ந்தது, அந்த அம்மாள் முகம் மலர்ந்து கூடத்துக்கு நடந்தார், அப்பாடா கோயில் ரேடியோ வாழ்க என்றுகூட அவள் நினைத்தாள், திரும்பி வந்து உட்கார்ந்து, திரையின் மூலையில் அந்த வைஃபை விசிறிக் குறி எரிகிறதா என்று ஒரு கணம் பார்த்திருந்தால்... பார்க்கவில்லை, எத்தனையோ மாதமாக அது எரிந்ததே இல்லை, எரியாத விளக்கை எவள் பார்ப்பாள். பாசுரம் ஓடி முடிந்த பிறகும் லேப்டாப் கமுக்கமாக எதையோ இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, அவள் பழைய சாவிகளை அழிக்கிற வரை காத்திருந்து, அழித்த பிறகு வந்து கேபிளின் கழுத்தைத் திருகிவிட்டது. அவளுக்காகச் செய்திருக்கிறார் மனுஷன். அவளை விடுவிப்பதற்காக.

"தப்பில்லைங்க சார்," என்றாள்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம், சார் அதனாலதான் போச்சு என்று நாலே வார்த்தை, கோபமில்லாமல், உள்ளதை உள்ளபடி... சொன்னால் அந்த மனிதர் இன்று ராத்திரி முழுக்க, மனைவி கதவில் முட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முட்டுக்கும், நான்தான், நான்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அந்தப் பாவம் எதற்கு. அதனால்தான் சொல்லவில்லை. அதனாலா? சொன்னால், ஏம்மா நெட் போட்டா கேபிள் ஏன் போகணும் என்று அடுத்த கேள்வி வரும், கணக்குப் பார்த்த மனுஷன், கேட்காமல் விடமாட்டார், அப்போது திருட்டுக் கேபிள் என்று சொல்ல வேண்டிவரும், நம்பி ஒப்படைத்த வண்டியில் நகல் கேபிளை வைத்து மூளையைத் தோண்டினாயா என்று அவர் கேட்கமாட்டார், பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பயந்துதானே சொல்லவில்லை இளவேனில்? அவருக்காக ஒரு பாதி, எனக்காக ஒரு பாதி என்று பிரித்துப் பார்க்கப் பார்த்தாள், பிரியவில்லை. சரி, யாருக்காகவாக இருந்தால் என்ன, வண்டி ஓடப்போவதில்லை, துடைத்த அடையாளத்தைத் திரும்ப எழுதுகிற வித்தை ஒன்று பாய்க்குத் தெரியும், பத்தில் நாலு பிழைக்கும், அதற்கும் கேபிளைத் தென்னூருக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் பெஞ்சமின் காலையில் வர வேண்டும், காலை வரைக்கும் இந்த வீட்டில் என்ன நடக்குமோ. "கேபிள் போயிடுச்சுங்க சார், காலையில வேற கொண்டுட்டு வந்துதான் பண்ண முடியும், இன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், காலி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

மாடியில் வெயில் இல்லை. தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தது, எரிந்ததும் சொல்லி வைத்தாற்போல் வாசலில் கமலவல்லி அம்மாள், மடிசார் ஒழுங்காக, தலை படியவாரி, இடுப்பில் துணிப்பை, பார்த்தால் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி அத்தனை நேர்த்தி, கண் மட்டும் தெருவின் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, இருட்டிண்டு வரதே, கெளம்பலாமா? அம்மா கவலைப்படுவா."

வேணுகோபால் சார் இளவேனிலைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள் என்று அப்போதே தெரிந்தது, ஏதாவது செய்யேன் என்கிற பார்வை, ஒரு பெரிய மனிதர், அவள் அப்பா வயசு, கையில் எச்சில் டம்ளரோடு, ஏதாவது செய்யேன்... அவள் கையில் மூடியில்லாத கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குப் போலாம் கமலா என்று ஆரம்பித்தார், நாளைக்கா என்று அந்த அம்மாளின் குரல் ஏறியது, பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார், கீழுதடு நடுங்கத் தொடங்கியது, எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. சரி, சரி, வா, ஏறிக்கோ, என்றார் அவர், என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் சொன்னது அது, இளவேனில் முன் சீட்டிலிருந்து லேப்டாப்பை வாரி எடுத்துக்கொண்டு நகர்ந்தாள், அந்த அம்மாள் பூப்போட்ட மெத்தையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார், அவர் சுற்றிவந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், சாவியைத் திருகினார், எல்லா விளக்கும் எரிந்து அணைந்தது, மறுபடி திருகவில்லை. இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் நிறுத்தியிருந்த ஆட்டோவின் பின்புறம்தான் தெரிந்தது, ஒரு மாடு வந்து பானெட்டை முகர்ந்துவிட்டுப் போனது. இப்போது கத்தப்போகிறார், இதோ இப்போது, ஏன் போகலை என்று கேட்கப்போகிறார், என்று இளவேனில் சுவரோரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிரவீன்ராஜைக் கூப்பிட்டால் பைக்கில் வந்து என்ன செய்வான், தள்ளலாமா, ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கிறது, நேரே தள்ளினால் ஆட்டோ, பின்னால் தள்ளினால் சாக்கடை... கேட்கவில்லை, அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை நேரம் அப்படிப் போனதோ, வேணுகோபால் சார் இறங்கினார், சுற்றிவந்தார், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கமலா, ஆம் வந்துடுத்து. எறங்கு."

அந்த அம்மாள் வாசலைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், நிலைப்படியைப் பார்த்தார், முகம் விரிந்தது.

"வந்துட்டோமா?" என்றார். "சமத்தா கொண்டுவந்து விட்டுட்டேளே."

இறங்கிப் பையோடு உள்ளே போனார், குழாய் திறக்கிற சத்தம், கால் கழுவுகிற சத்தம், எல்லாம் கேட்டது. இளவேனிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உடம்பெல்லாம் லேசாகி, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, தப்பித்தோம், காலை வரை தப்பித்தோம், காலை என்ன காலை, இனிமேல் வண்டியே வேண்டாமே, பெட்ரோல் வேண்டாம், டிராஃபிக் வேண்டாம், இந்த வயசில் மனுஷன் அந்த மாம்பழச் சாலை சிக்னலில் போய் அவஸ்தைப்பட வேண்டாம், உட்கார்ந்து எழுந்தால் போதும்! "சார், பாத்தீங்களா சார்!" என்று கிட்டே ஓடினாள், ஓடியவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். அவர் திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார், ஏதோ கூட்டல் தப்பாக வந்துவிட்ட மாதிரி.

"வண்டி நகரவேயில்லையே," என்றார்.

"ஆமா சார், அவங்களுக்கு அது..."

"அப்போ இத்தனை நாளும் நகர்ந்திருக்க வேண்டாம்." மெத்தையில் விழுந்திருந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். "பாலத்துல போறச்சே ஒரு காத்து வரும் பாரு. கண்ணாடிய எறக்கி விட்டுடுவேன். அவ ஒண்ணும் பேசமாட்டா. நானும் பேசமாட்டேன். காலம்பரலேர்ந்து அவளோட பேசிப் பேசி... அந்தப் பாலம் வரதுக்காகத்தான்..." நிறுத்திக்கொண்டார், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் மாதிரி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வண்டி ஓடிடுமோன்னோம்மா?" என்றார்.

"ஓடிடும் சார், கண்டிப்பா ஓடிடும்," என்றாள் அவள், தெரியாமலே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, வண்டி ஓடும்தான், பெஞ்சமின் வருவான், பச்சை எரியும், சாவிகளையெல்லாம் வண்டிக்குத் திரும்ப அறிமுகம் செய்துவிடலாம், ஆனால் நாளை சாயங்காலம் இந்த மனிதர் எதைச் சொல்லிக்கொண்டு வண்டியை எடுப்பார், யாருக்காக என்று சொல்லிக்கொள்வார், வைஃபை விஷயத்தை மறைத்து அவரை எதிலிருந்து காப்பாற்றினோம் என்று அவள் அங்கேயே நின்று யோசித்தாள், கேபிள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ந்தது, அவர் இன்னும் கதவைச் சாத்தவில்லை, உள்ளேயிருந்து கமலவல்லி அம்மாள் பசிக்கறதே என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.